அடகு வைத்து வாங்கிய வலை

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் அம்மா அவர். குடலில் ஓட்டை விழுந்து, வேறோர் ஊரில் அவசர அறுவை செய்து, வயிற்றில் மலம் சேரும் பை வைத்து அனுப்பியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது பழைய தையல் விட்டுப்போய், நடுவயிற்றில் தேங்காய் அளவுக்குக் குடல் பிதுங்கி நின்றது. பையை எடுத்துக் குடலை இணைக்க வேண்டும், ஹெர்னியா என்னும் அந்தப் பிதுக்கத்தையும் சரிசெய்ய வேண்டும். இரண்டையும் ஒரே அறுவையில் முடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சிக்கல், வயிற்றுச் சுவரைத் தாங்க உள்ளே வைக்கும் வலையில்தான். குடலைத் திறந்தால் அந்த இடம் சுத்தமாக இருக்காது. அங்கே பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலை வைத்தால் கிருமி அதில் குடியேறிவிடும், பிறகு வலையையே வெட்டி எடுக்க வேண்டிவரும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதற்கு மாற்றாக வந்தது உயிரியல் வலை. பன்றித் தோலிலிருந்து செல்களையெல்லாம் நீக்கிவிட்டுக் கொலாஜன் என்ற புரதச் சட்டத்தை மட்டும் வைத்திருப்பார்கள். நம் ரத்தக்குழாய்கள் அதற்குள் வளர்ந்து, அது நம் திசுவாகவே மாறும், கிருமியையும் தாங்கும் என்பது நம்பிக்கை. நானும் நம்பினேன்.

பன்றித் தோல் என்பதை மறைக்காமல் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்களுக்குச் சரின்னா சரிங்க டாக்டரம்மா" என்றார். விலை ஒரு லட்சத்துக்கு மேல். மகன் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தார். மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூரிலிருந்து வலை வந்தது. உப்பு நீரில் ஊறியதும் வெள்ளையாக, மெத்தென்று, பதப்படுத்திய தோல் போல இருந்தது. காயம் அழகாக ஆறியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வருடம் போவதற்குள் திரும்பி வந்தார். "மேட்டுல மூட்டை தூக்குறப்போ மறுபடியும் பிதுங்குதுங்க." சங்கிலி இன்னும் அடகில்தான் இருந்தது.

2022-இல் அமெரிக்காவின் ஐந்து மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு வெளியானது. குடல் திறந்த, ஆனால் சீழ் பிடிக்காத இப்படிப்பட்ட வயிறுகள்தான், 253 பேர். இரண்டு ஆண்டுகளில் ஹெர்னியா திரும்பி வந்தது உயிரியல் வலையில் 20.5 சதவீதம், பாலிப்ரொப்பிலீனில் 5.6 சதவீதம். மறுபடி கைவைக்க வேண்டிய அளவுக்கான காயத் தொல்லைகளில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. வலையின் விலை மட்டும் உயிரியல் வலைக்கு 21,539 டாலர், பாலிப்ரொப்பிலீனுக்கு 105. அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சங்கிலிதான் நினைவுக்கு வந்தது.

சீழ் நிரம்பிய வயிற்றில் இன்றும் நான் எந்த வலையும் வைப்பதில்லை. தைத்து மூடி, ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். மற்றபடி, பெரிய கண்ணிகள் உள்ள எடை குறைந்த பாலிப்ரொப்பிலீன் போதும். ஆனால் தசைக்குப் பின்னால், குடலில் படாமல், ரத்த ஓட்டம் உள்ள அடுக்கில் அதை வைக்க வேண்டும். இடம் தப்பினால் எந்த வலையும் காப்பாற்றாது.

அந்த அம்மாவுக்கும் இரண்டாவது முறை பாலிப்ரொப்பிலீன் வலையையே வைத்தேன். திறந்தபோது பழைய வலையைத் தேடினேன். ஓரங்களில் தையல் நூல் இருந்தது. நடுவில் காகிதம் போல ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான்.

புது வலைக்குச் சில ஆயிரம்தான் ஆனது. மகன் ரசீதைப் பார்த்துவிட்டு, "வலை இவ்வளவுதானா டாக்டர்?" என்று கேட்டார். ஆமாம் தம்பி என்றேன். உட்காரச் சொல்லி, அன்றைக்கு ஏன் அதை வாங்கச் சொன்னேன், இன்று ஏன் சொல்லவில்லை என்பதை முழுவதும் சொன்னேன்.