கடைசிக் கம்பத்துச் சோலர்

கிளிநொச்சிப் பக்கம் கூரையில் சோலர் போட்டவர்களைக் கேளுங்கள், நல்ல வெயில் எறிக்கிற மத்தியானத்தில்தான் இன்வேர்ட்டர், அதாவது சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி, நின்றுவிடுகிறது என்பார்கள். இன்வேர்ட்டரில் பிழை இல்லை. நீளமான லைனில் எல்லாரும் ஒரே நேரத்தில் கரண்டைத் தள்ளினால் வோல்டேஜ் ஏறும், ட்ரான்ஸ்போமருக்குத் தூரத்து வீட்டில்தான் கூட ஏறும். இங்கே வீட்டு வோல்டேஜ் 230, அதைவிட வரம்புக்கு மேல் ஏறினால் இன்வேர்ட்டர் தானே நின்றுவிடும். வாய்க்கால் கடைசி வயல்காரன் மாதிரி, அடி எப்பவும் அவனுக்குத்தான்.

2025 சித்திரை விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தச் சொன்னார்களே, அது நாடு முழுக்கத் தேவை குறைந்ததால் வந்த வேறு சிக்கல். சரி, எங்கள் லைனில் வோல்டேஜ் ஏறுவதற்கும் மொத்தமாக அணைப்பதுதானா வழி?

ஏடிஎம்எம் (ADMM) என்று 1970களில் வந்த கணித முறை ஒன்று இருக்கிறது, பெரிய கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தீர்க்கிற முறை. கொழும்பில் ஒரு பெரிய கணினி எல்லா வீட்டையும் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு இன்வேர்ட்டரும் தன் கணக்கைத் தானே போட்டு, பக்கத்துக் கம்பத்தோடு வோல்டேஜையும் ஓடுகிற மின்வலுவையும் மட்டும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துவரும்வரை திருப்பித் திருப்பித் திருத்தும். ட்ரான்ஸ்போமருக்குக் கிட்ட இருக்கிற முன்வீட்டுக்காரரும் தன் உற்பத்தியைக் கொஞ்சம் குறைத்தால் கடைசி வீடு தப்பும். அந்த இழப்புக்குக் காசு யார் கொடுப்பது என்பதை எந்த அல்கோரிதமும் தீர்க்காது. இன்வேர்ட்டர்களுக்கு இடையில் செய்தி பிந்தினால் கணக்குச் சுற்றுகளும் இழுபடும், எங்கள் காட்டோர போன் சிக்னலை நம்பி இதில் இறங்க ஏலாது, கரண்ட் கம்பியிலேயே செய்தியையும் அனுப்புவதுதான் புத்தி.