மத்லப் குறிப்புகள்: சிவப்புப் பம்பும் தொடை எலும்பும்

பிப்ரவரி 4
வங்கதேசத்தின் சாந்த்பூர் மாவட்டத்து மத்லப். எந்த முற்றத்தைப் பார்த்தாலும் அடிபம்பு. குளத்துத் தண்ணீரால் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் மடிந்ததால், 1970களில் யுனிசெஃப் உதவியோடு பரவலானவை. ஆழத்து வண்டலில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இருக்குமென்று அன்று யாரும் சோதிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், இங்கே 50. அதைத் தாண்டினால் பம்புக்குச் சிவப்புச் சாயம், இல்லாவிட்டால் பச்சை. அப்படியானால் 30 உள்ள பம்பும் பச்சைதான். கர்ப்பிணிக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்பதுதான் என் எரிச்சல்.

பிப்ரவரி 7
பகல் முழுக்க ஸ்கேன் அறையில். கருவின் தொடை எலும்பென்று திரையில் வெள்ளையாகத் தெரிவது கால்சியம் ஏறிய நடுத்தண்டு மட்டுமே. இருபுறமும் உள்ள குருத்தெலும்பை அளவில் சேர்ப்பதில்லை. நீளம் அளக்கப் புள்ளி வைக்கும் கை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், ஆர்சனிக்கால் எலும்பு குட்டையாகிறதா என்று நாம் தேடும் வித்தியாசமே அதற்குள் தொலைந்துவிடும்.

பிப்ரவரி 8
நஞ்சுக்கொடி ஆர்சனிக்கைத் தடுப்பதில்லை. அர்ஜென்டினாவின் ஆண்டீஸ் மலையூர் ஒன்றில் கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் ஏறக்குறைய தாயின் அளவே இருந்ததை 1998இலேயே கண்டார்கள். ஆய்வகத்தில் ஆர்சனிக் எலும்பை உருவாக்கும் செல்களைக் கெடுக்கிறது. மனிதக் கருவில்? மத்லப் தாய்மார்களிடம் நடந்த ஆய்வு, பிறந்த குழந்தையின் எடையும் தலை, மார்புச் சுற்றளவுகளும் சற்றுக் குறைவதை 2009இல் காட்டியது. தொடை எலும்பில் அத்தனை தெளிவில்லை. தாயின் சத்துக்குறைவு, சோற்றோடு வரும் காட்மியம் என்னும் நச்சு உலோகம் எல்லாம் ஒரே உடம்பில் கலந்திருக்கின்றன. 'ஆர்சனிக் எலும்பைக் குட்டையாக்குகிறது' என்று தலைப்புப் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படுவதில்லை.

பிப்ரவரி 11
ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் முற்றம். பம்பில் சாயம் உரிந்து, எந்த நிறமென்றே தெரியவில்லை. "கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறேன், ஆபா (அக்கா)" என்றாள். கொதித்தால் கிருமி சாகும். ஆர்சனிக் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். புட்டியில் தண்ணீரோடு அமிலமும் துத்தநாகத் தூளும் போட்டு, மூடியில் சோதனைத்தாளைச் செருகினோம். வெள்ளைத் தாள் மஞ்சளாகி, பழுப்பேறியது: ஆர்சனிக் மிகுதி. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, பச்சைப் பம்பு இருக்கும் வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றார். நாளைக் காலை அந்த வீட்டில் நானே கேட்கப் போகிறேன்.