வேலூர் வெயிலில் ஒரு ஹெரால்டை நெடுநேர டிராக் ஓட்டத்துக்குத் தயார் செய்வது

பழைய காரை டிராக்கில் மணிக்கணக்கில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ஜினில் எவ்வளவு பவர் ஏற்றலாம்?" என்றுதான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 948 சிசி என்ஜினை ஒழுங்காகக் கட்டியிருந்தால் அது தன் வேலையைச் செய்துவிடும். நான்கு மணி நேர ஓட்டத்தைப் பாதியில் நிறுத்துவது முன் சக்கரத்தின் உள்ளே இருக்கும் ஒரு பித்தளைத் துண்டு, இல்லையென்றால் டிரம்முக்குள் ஏறும் சூடு.

குடும்பக் காரை ஏன் இதற்கு எடுக்க வேண்டும்? 1961 முதல் சென்னையில் தயாரான இந்தக் கார், இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அந்த ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். அந்த ஸ்பிட்ஃபயர் 1965இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. ஹெரால்டிலும் அதே இரட்டை விஷ்போன் முன்பக்கம், அதே ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். பானெட்டை முன்னோக்கித் தூக்கினால் என்ஜினும் முன் சஸ்பென்ஷனும் முழுதாகத் திறந்து கிடக்கும். பிட்டில், அதாவது ஓட்டத்தின் நடுவே காரை நிறுத்திப் பழுது பார்க்கும் இடத்தில், அவசரமாக வேலை பார்க்கிறவருக்கு இதைவிட வசதியான கார் கிடையாது.

முதலில் டிரனியன். முன் ஹப்பைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது பித்தளை டிரனியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் தண்டு சுழல்கிறது. இதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கிரீஸ் உலர்ந்து கட்டியாகி மரையை அடைத்துக்கொள்ளும், அடியில் தண்ணீர் தங்கும், தண்டு துருப்பிடிக்கும். ஒரு நாள் வளைவில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். நம் பட்டறைகளில் நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னைத் தூக்கும் பழக்கம் உண்டு. அதனால் வாங்கிய ஹெரால்டில் உள்ளே கிரீஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கழற்றி, பெட்ரோலில் கழுவி, தண்டைக் கம்பி பிரஷால் தேயுங்கள். பிறகு சுண்ணாம்புச் சோதனை. மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மரைக்கு மேலே தண்டு மெலியும் இடத்தில் சுண்ணாம்புக் குழம்பைத் தடவிக் காயவிடுங்கள். விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். மயிரிழைக் கோடு என்றாலும் அந்தத் தண்டு வேண்டாம். வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாட்டிய பின், ஆயில் மேலே பிதுங்கி வரும் வரை கன்னால் அடியுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும்.

இனி பிரேக். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஹெரால்டு மூன்றரை நிமிடத்தில் ஒரு சுற்று வருவதாகக் கொண்டால் மணிக்கு 17 சுற்று. சுற்றுக்கு ஏழு முறை அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் மணிக்கு 120 முறை. 100 கிமீ வேகத்திலிருந்து 50க்கு இறக்கும் ஒவ்வொரு முறையும், ஓட்டுநருடன் 880 கிலோ எடையுள்ள கார் சுமார் 250 கிலோஜூல் சூட்டைப் பிரேக்கில் கொட்டுகிறது. முக்கால் லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் சூடு அது. லெ மான் ஸ்பிட்ஃபயருக்கு முன்னால் டிஸ்க் இருந்தது, நம் ஹெரால்டுக்கு நான்கும் டிரம்.

டிரம் சூடேறினால் விரியும், பெடல் கீழே போகும். லைனிங் அளவுக்கு மீறிக் காய்ந்தால் பெடல் கல்லு மாதிரி இருக்கும், கார் நிற்காது. பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். மூன்றும் வேறு வேறு கோளாறு, மருந்தும் வேறு. முதலாவதற்கு டிரம்மை லேத்தில் லேசாகச் சமன்செய்து லைனிங்கை அதன் வளைவுக்குத் தேய்த்து உட்காரவைப்பது, நடுநடுவே அட்ஜஸ்ட் செய்வது. இரண்டாவதற்கு மெத்து லைனிங்கை விட்டுவிட்டுக் கடினமான லைனிங் ஒட்டுவது. மூன்றாவதற்கு டாட் 4 ஆயில். புதிதாக இருக்கும்போது அது 230 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் 155 போதும், கொதித்துவிடும். உடைத்து வைத்த பழைய டின்னிலிருந்து ஊற்றாதீர்கள். பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக் இழுக்கவே கூடாது. சூடான டிரம் அப்படியே கோணிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அச்சு. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பகுதி எழும்பும், சக்கரங்கள் உள்ளே மடங்கும், கார் சுழன்றுவிடும். பின் சக்கரங்களைத் தாங்கும் குறுக்கு ஸ்பிரிங் பட்டையைத் தாழ்த்தி, ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் பின் சக்கரங்களின் மேல்விளிம்பு ஒன்றிலிருந்து இரண்டு டிகிரி உள்நோக்கிச் சாயும்படி வைத்தால் இந்தக் குணம் பெருமளவு அடங்கும். மீதி ஓட்டுபவர் கையில்: வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே நுழைந்த பின் காலைச் சீராக வைத்திருக்க வேண்டும்.

என்ஜினில் இரண்டைப் பாருங்கள். கிராங்க் ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜில் அளந்தால் 0.10 முதல் 0.20 மிமீக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது கழன்று என்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் விழுந்தால் பிளாக்கே போய்விடும். இரண்டாவது டேப்பட், அதாவது வால்வுக்கு விடும் இடைவெளி, ஆறிய என்ஜினில் 0.25 மிமீ. ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த வால்வு சீட் இது. முழு வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது எக்ஸாஸ்ட் சீட் குழிந்து இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்பும் அளந்து எழுதிவையுங்கள்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட் பழையதாகவே இருந்தால் கலவை மெலிந்துபோகும், மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்த்து முடிவுசெய்யுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப் பிளக்கும், எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுங்கள். கார்பரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் இருப்பதால் நடுவே அலுமினியத் தகடு ஒன்று கட்டாயம், சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும் வேபர் லாக் பாதி அதிலேயே தீரும்.

ரேடியேட்டரைக் கோர் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு உள்ளே எப்படிப் படிந்திருக்கிறது என்று அப்போது தெரியும். அதன் பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள். கோர் அடைத்திருந்தால் அது இல்லாமலும் கார் கொதிக்கத்தான் செய்யும்.

வேலூரிலிருந்து டிராக் நூறு கிலோமீட்டர் சொச்சம். டிரக்கில் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், அந்தச் சாலையே முதல் சோதனை. முக்கியமான நட்டு ஒவ்வொன்றிலும் பெயிண்டால் குறுக்குக் கோடு போட்டிருந்தால் எது சுழன்றது என்று ஒரு பார்வையில் தெரியும். வாலாஜாபேட்டையில் நிறுத்தி நான்கு ஹப்பையும் கையால் தொடுங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் ஷூ உரசுகிறது. காஞ்சிபுரம் பைபாஸில் இன்னொரு முறை. அங்கேயும் அதே ஹப் சுட்டால் அன்றைக்கு டிராக்கில் இறங்க வேண்டாம், வீடு திரும்பிக் கழற்றுங்கள்.

ரோல் கேஜ், பெல்ட், தீயணைப்பான், பேட்டரி கட் ஆஃப் எல்லாம் அந்தந்தப் போட்டியின் விதிப்படி. இதில் பணம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பெட்ரோலுக்கு மணிக்கு 10 லிட்டர் என்று தொடங்கி, 20 நிமிடம் ஓட்டி நிரப்பி அளந்து திருத்திக்கொள்ளுங்கள். 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டுநரை மாற்றுங்கள், இறங்குகிறவருக்கு உப்புப் போட்ட மோர் கொடுங்கள். பிட் பெட்டியில் ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், கண்டென்சர், காண்டாக்ட் பாயிண்ட், ரோட்டார், லைனிங் ஒட்டிய ஷூக்கள் ஒரு செட். கண்டென்சர் மட்டும் மூன்று வையுங்கள், சூட்டில் முதலில் சாவது அதுதான்.