தலைக்கட்டு நோட்டில் இல்லாத வீடுகள்

எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு 1995ல் கே.வி.குப்பம் பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். அப்போது அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். நான் நர்ஸ் இல்லை, ஊசி பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனால் கையில் ரெஜிஸ்டரும் தோளில் பையுமாகப் போனால் ஊருக்கு நீங்கள் நர்சம்மாதான், இரண்டு மாதம் மறுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். லத்தேரியில் இறங்கி சைக்கிளில் உள்ளே போக வேண்டும். பாதி வீடுகளில் பீடி சுற்றுவார்கள், சில வீடுகளில் லுங்கித் தறி. அந்த வட்டாரத்தில் சுகாதார வேலை புதிதல்ல, வேலூர் சி.எம்.சி. 1977லேயே கே.வி.குப்பத்தில் கிராமப்புற மையம் தொடங்கியிருந்தது. எங்கள் நிறுவனத்தின் வேலை அதைவிட ரொம்பச் சின்னது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும்.

முதல் வருஷம் முழுக்க சிரங்கோடு போராடினேன். விரலிடுக்கில், மணிக்கட்டில், இடுப்பைச் சுற்றி, ராத்திரி தூங்கவிடாத அரிப்பு. பென்சைல் பென்சோயேட் என்ற வெள்ளைத் தைலம் கொடுப்போம், எரியும், பிள்ளைகள் கத்துவார்கள், ஒரு வாரத்தில் சரியாகும். அடுத்த மாதம் அதே பிள்ளை, அதே சிரங்கு. தைலம்தான் மட்டம் என்று நான் மாதாந்திர அறிக்கையில் எழுதிக்கூடக் கொடுத்தேன். எங்கள் டாக்டர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வீட்ல எத்தனை பேர் ஒரே பாய்ல படுக்கறாங்க?"

நாலு பேர். சில வீடுகளில் ஆறு. பாட்டிக்கும் அரிக்கிறது, கைக்குழந்தைக்கும் அரிக்கிறது, நான் நடுவில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் தைலம் தடவிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவி, துணியையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்துக் காயப்போட்டால்தான் அது போகும். ஆனால் எங்களுக்கு வந்த மருந்துப் பணம் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று வந்தது. பாட்டி மாணவி இல்லையே, ஆடிட்டருக்கு என்ன கணக்குக் காட்டுவது?

ரத்தசோகையும் இதே கதைதான். 1982லிருந்து சத்துணவு இருக்கிறது, பசி அடங்கியது உண்மை. ஆனால் வெறுங்காலோடு கொல்லைப்பக்கம் போய்வருகிற பிள்ளைக்குப் பாதத்துத் தோல் வழியாகக் கொக்கிப்புழு ஏறி, குடலில் உட்கார்ந்து ரத்தம் குடித்துக்கொண்டிருந்தால், போடுகிற சாப்பாட்டில் பாதி அதற்குத்தான். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து அம்மாக்கள் நிறுத்திவிடுவார்கள், கறுப்பாகத்தான் போகும் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது நான். சொல்லவில்லை. பள்ளிக்குப் பின்னால் புங்கமரத்தடியில் மாத்திரைகள் கொட்டிக்கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, வீட்டில் எல்லோருக்கும் ஆகிற மருந்துச் செலவுக்கு ஊரிடமே கேட்கலாம் என்று கிளம்பினோம். வீட்டுக்கு மாதம் அஞ்சு ரூபாய், ஊரே வைத்திருக்கட்டும், ஊரே செலவு செய்யட்டும். ஊர்ப் பெரியவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள், எனக்கே ஆச்சரியம். அம்மன் திருவிழாவுக்கு வரி வசூலிக்கிற தலைக்கட்டு நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு பெயர், யார் பாக்கி, யார் கட்டியாச்சு, எல்லாம் சுத்தமாக இருந்தது. அதை அப்படியே பார்த்து எழுதி வசூலை ஆரம்பித்தேன், பெருமையாக ஆபீசிலும் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து காலனியிலிருந்து ஒரு அம்மா, மடியில் சிரங்குப் பிள்ளையோடு, பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "ஏம்மா, எங்க கையில துட்டு வாங்க மாட்டீங்களா?" என்றார். கோயில் வரி காலனியில் வாங்குவதில்லை. அதனால் அந்த நோட்டில் காலனி இல்லை. பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அங்கிருந்து வருகிறவர்கள், வாரம் ஒரு முறை அவர்கள் நகத்தையும் கண்ணையும் பார்க்கிறவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ரேஷன் கார்டுகளை வைத்துப் புது நோட்டு போட்டோம். பெரியவர்களில் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் விலகவில்லை. வசூல் நாளையும் மாற்றினோம். மாதம் ஒன்றாம் தேதி என்று வைத்தது சம்பளக்காரியான என் புத்தி, ஊருக்கு நாள் என்றால் பீடிக் கூலி வாங்குகிற நாள்தான். நோட்டு எழுதியது காலனியில் பத்தாவது பெயிலான ஒரு பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

வருஷக் கடைசியில் எதிர்பார்த்த சண்டை வந்தது. "வருஷம் பூரா கட்னேன், எங்க வீட்ல ஒரு தலைவலி வர்ல, திருப்பிக் குடு." நான் காப்பீடு, பொதுநிதி என்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன், யாருக்கும் ஏறவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவி கேட்டாள், "மாந்தோப்புக்குக் காவல் போட்டியே, திருடன் வர்லன்னா கூலி குடுக்காம வுட்டுடுவியா இன்னா?" அதோடு முடிந்தது.

அந்தப் பணம் தைலத்துக்குப் போனதைவிட வண்டி வாடகைக்குப் போனதுதான் அதிகம். ராத்திரியில் பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் வேன் பிடித்து வேலூர் போக வேண்டும். அப்புறம் போர்டு தெரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற பிள்ளைகளுக்குக் கண்ணாடி. 2008ல் 108 வந்தது, அடுத்த வருஷம் கலைஞர் காப்பீடு. மெல்ல மெல்ல ஆட்கள் கட்டுவதை நிறுத்தினார்கள், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத்தான், வீட்டுப் பாயில் பரவுகிற சிரங்குக்கு இல்லை. இதைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

கணக்கை முடித்தபோது கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் அப்போது வேறு வேலைக்கு மாறியிருந்தேன், ஆனாலும் கூப்பிட்டார்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் எழுந்தார். நோட்டு எழுதிய பெண், இப்போது அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, உட்கார்ந்தபடியே சொன்னாள்: "கோயில் வரிக்கு எங்க துட்டு ஆவாதுன்னா, இந்தத் துட்டு மட்டும் எப்படிண்ணா ஆவும்?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பள்ளிக்கு ஒரு எடை மெஷின் வாங்குவது என்று முடிவானது.

போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது பள்ளிக்குள் எட்டிப்பார்த்தேன். காலை உணவு முடிந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். மெஷின் அதே மூலையில் இருக்கிறது. ஏறி நின்றேன். ஒன்றரை கிலோ கூட்டிக் காட்டும், கழித்துக்கொள்ளுங்கள் என்றார் வாத்தியார்.