ஸ்கோப்பும் சமையலறைத் தராசும்

2025 மார்ச் 1, சனி. கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து

இன்று காலை என் ரைபிளில் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைக் கழற்றி, மனைவி கேக் மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன். 690 கிராம். அதைத் தாங்கிய இரண்டு எஃகு வளையங்கள் 190. ஆக மொத்தம் 880. துப்பாக்கி டிக்கா டி3எக்ஸ் லைட். வெறும் துப்பாக்கி மூன்று கிலோகூட இல்லை. மலையேற இலகுவாக இருக்கும் என்றுதான் அந்த மாடலைத் தேடி வாங்கினேன். வாங்கிய கையோடு அதன் முதுகில் ஓர் அம்மிக் குழவியை ஏற்றியவனும் நான்தான்.

"தராசைத் துடைத்துவிட்டு வையுங்கள், எண்ணெய் நாற்றம் வருகிறது" என்றாள் மனைவி.

நான்கிலிருந்து பதினாறு மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீட்டர் முன்லென்ஸ்; சுருக்கமாக 4-16x50 என்று எழுதுவார்கள். பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்த காலத்தில் வாங்கியது. போன குளிர்காலத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சரிவில் ஏறியபோது, தோளில் துப்பாக்கி ஒவ்வோர் அடிக்கும் பக்கவாட்டில் சாய்ந்து விலாவில் இடித்தது. எடை எல்லாம் மேலே இருந்தால் அப்படித்தான்.

ஏப்ரல் கடைசியில் அன்சாக் தின விடுமுறை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ராங்கிடாட்டா ஆற்றின் தலைப்பகுதிக்கு டார் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அதற்குள் இலகுவான ஸ்கோப் ஒன்றைப் பார்த்தாக வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து அக்கா பேசினாள். டார் என்றால் என்ன என்று கேட்டாள். படம் அனுப்பினேன். சிறிது நேரம் பேச்சே இல்லை.

"ஏன் தம்பி, இது நம் வரையாடு அல்லவா? அதையா சுடப் போகிறாய்?"

வால்பாறை போகும் கொண்டை ஊசி வளைவுகளில், தடுப்புச் சுவரின்மேல் நின்றுகொண்டு எங்கள் பஸ்ஸைப் பார்த்த ஆடுகள் எனக்கும் நினைவில் இருக்கின்றன. இது அதுவல்ல, இமயமலை டார் என்றேன். நெடுங்காலம் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு நம் வரையாட்டைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். அது செம்மறிக்குத்தான் நெருக்கமாம். இங்கே இருப்பவை 1904இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வாரிசுகள். பிடித்துத் தின்னப் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பெருகி, மலை உச்சிச் செடிகளை மொட்டையடித்தன. பத்தாயிரத்தைத் தாண்டவிடக் கூடாது என்று 1993லேயே அரசு திட்டம் போட்டது. ஊரில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வரையாட்டைத் தொட்டாலே சிறை. இங்கே, பெண் டாரையும் சுடுங்கள் என்று அரசே கேட்கிறது.

அக்கா சமாதானமாகவில்லை. "என்னவோ, எனக்குப் படம் அனுப்பாதே" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 15, சனி

கடைக்குப் போனேன். கடை வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நல்ல ஸ்கோப்தான். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த மான் தலையின் மூக்குத் துவாரம்வரை பளிச்சென்று தெரிகிறது. இதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது, ஜவுளிக்கடை விளக்கடியில் பட்டின் நிறம் பார்ப்பது மாதிரி.

நான்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். லூப்போல்டின் இரண்டரை மடங்கு நிலையான ஸ்கோப் 200 கிராம்கூட இல்லை. பேனா மாதிரி இருக்கிறது. புதர்க்காட்டுக்குப் போதும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆட்டுக்குப் போதாது. வோர்டெக்ஸ் ரேசர் எல்எச்டி 3-15x42 எல்லா வசதியும் உள்ளது, ஆனால் அரைக் கிலோவைத் தாண்டுகிறது. ஸ்வரோவ்ஸ்கி இசட்3 3-10x42 வெறும் 360 கிராம். கண்ணாடி தெளிந்த தண்ணீர் மாதிரி. விலைச் சீட்டைப் பார்த்ததும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். நான்காவது லூப்போல்டின் விஎக்ஸ்-3எச்டி 2.5-8x36. முதல் பார்வையில் மனம் கவரவில்லை. எட்டு மடங்குதானா, 36தானா என்று பட்டது. எடையும் இசட்3க்குப் பக்கத்தில்தான்.

மார்ச் 22, சனி

பெரியவரிடம் அதே 2.5-8x36, பழைய மாடல் ஒன்று சும்மா கிடந்தது. அதையும் என் அம்மிக் குழவி ஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு அவருடைய புல்வெளிக்கு மாலையில் போனோம். துப்பாக்கியில் பொருத்தாமல், வேலிக் கம்பத்தின்மேல் மணல் மூட்டை வைத்து அதன்மேல் ஸ்கோப்பைச் சாய்த்தோம். எதிரே நூற்றைம்பது மீட்டரில் இருண்ட மர வேலி; அதன் நிழலில் ஒரு கறுப்பு மாடு.

சூரியன் போய்ப் பத்து நிமிடம். என்னுடையதைப் பதினாறில் வைத்துப் பார்த்தேன். மாடு எது, மரம் எது என்றே தெரியவில்லை, சாம்பல் குழம்பு. பெரியவர் எட்டிப் பார்த்து, எண் வளையத்தைக் கீழே திருப்பினார். பத்து, எட்டு, ஏழு. மாடு நிழலிலிருந்து பிரிந்து வந்தது. ஈயை விரட்ட அது காதை ஆட்டியது தெரிந்தது.

கணக்கு எளிது. முன்லென்ஸின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50ஐ 16ஆல் வகுத்தால் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். இருட்டில் என் கண்பாப்பா அதைவிட அதிகமாக விரிந்து, வராத வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும். 36ஐ ஆறால் வகுத்தால் ஆறு மில்லிமீட்டர். இளைஞனின் பாப்பா ஏழுவரை விரியலாம். நாற்பத்தேழு வயதில் எனக்கு அந்த ஆறே அதிகம்தான்.

சிறியதை ஆறில் வைத்தால் அதே மாடு, அதே காது. என்னுடையதை ஏழில் வைத்தால் அதைவிட ஒரு சிட்டிகை வெளிச்சம் கூடுதல்தான், மறுக்கவில்லை. மாடு முழுதாக மறைய, பெரிய ஸ்கோப்பில் இன்னும் ஐந்து நிமிடம் பிடித்தது. பொது நிலத்தில் இருட்டிய பிறகு விளக்கடித்துச் சுட அனுமதி இல்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக 350 கிராமைச் சுமப்பானேன்?

ஏப்ரல் 3, வியாழன்

வாங்கிவிட்டேன். 2.5-8x36. அலுமினிய வளையங்களோடு சேர்த்துத் தராசில் 410 கிராம். பழைய ஏற்பாட்டைவிட 470 குறைவு. தராசைத் துடைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

பொருத்தும் வேலை. பின்சுவரில் நூலில் தூக்குக் குண்டு கட்டி, குறுக்குக்கோட்டின் நிமிர்ந்த கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்கும்வரை குழாயைத் திருப்பினேன். கோடு சாய்ந்திருந்தால் தூரம் கூடக்கூடத் துப்பாக்கிக் குண்டு ஒரு பக்கமாகப் போகும். வளையத் திருகுகளைக் கைப்பலத்தால் இறுக்கக் கூடாது. மெல்லிய குழாய் நசுங்கும். முறுக்கு அளவு காட்டும் சாவியை வைத்து, பெட்டியில் போட்டிருந்த எண்ணுக்கு மேல் போகவில்லை.

சிறிய முன்லென்ஸின் இன்னொரு நன்மை இப்போதுதான் புரிந்தது. தாழ்ந்த வளையமே போதும். கன்னம் கட்டையில் படிந்ததுமே கண் நேராகக் குழாயில் இருக்கிறது. முன்பு தாடையைத் தூக்கி, கோழி கழுத்தை நீட்டுவதுபோல் நீட்டிப் பார்ப்பேன்.

ஏப்ரல் 12, சனி

சுடுகளம். முதல் குண்டின் உதைப்பிலேயே ஸ்கோப் பின்னால் வந்து இடித்து, புருவத்தில் பிறைபோல ஒரு கீறல். இரத்தம் கண்ணாடியில் வழிந்தது.

குற்றம் என்னுடையதுதான். கராஜில் மெல்லிய சட்டையோடு நின்று, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே விட வேண்டிய தூரத்தைப் பார்த்திருந்தேன். இங்கே தரையில் படுத்ததும் தலை தானாகவே முன்னே போய்விட்டது. போதாக்குறைக்கு, மொத்த எடை எட்டில் ஒரு பங்கு குறைந்ததில் உதைப்பின் ஆற்றல் ஏழில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. எடையைக் குறைத்தவர்கள் யாரும் இதைப் பெருமையாகச் சொல்வதில்லை. வளையங்களைத் தளர்த்தி, குழாயைப் பன்னிரண்டு மில்லிமீட்டர் முன்னே தள்ளி, கனத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மறுபடியும் படுத்துப் பார்த்தேன்.

அப்புறம் மூன்று குண்டு, நூறு மீட்டரில். ஒன்பது சென்டிமீட்டர் கீழே. மையத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே பட வேண்டும். அப்போதுதான் இருநூறில் நேராக இருக்கும். ஸ்கோப்பின் திருகை ஒரு கிளிக் திருப்பினால் குண்டு படும் இடம் ஏழு மில்லிமீட்டர் சொச்சம் நகரும்; ஆக, பத்தொன்பது கிளிக். அடுத்த மூன்றும் தீப்பெட்டிக்குள் அடங்கின.

வீட்டில் புருவத்தைப் பார்த்து, "ஆடு முட்டியதா?" என்றாள் மனைவி.

ஏப்ரல் 26, சனி. ராங்கிடாட்டா தலைப்பகுதி, கிளைட் பள்ளத்தாக்கு, குடிசை

மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன். காலையிலிருந்து தூறல். மட்டகவுரி முள் இரண்டு கையையும் கிழித்துவிட்டது. பகல் முழுதும் பைனாகுலரில்தான் தேடல். ஸ்கோப் வழியாகத் தேடினால், பார்க்கும் ஒவ்வொன்றின்மீதும் துப்பாக்கி நீண்டிருக்கும்; அது ஒருவேளை மனிதராக இருந்தால்? ஆகவே ஸ்கோப் கடைசியில்தான்.

ஐந்து மணிக்கு, பாறைத் திட்டில் ஆறு பெண் டார்கள். இருநூற்றுப் பத்து மீட்டர். பையின்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, ஆறு மடங்கில் பார்த்தேன். கண்பக்க லென்ஸில் தூறல் துளிகள். யோசிக்காமல் ஊதினேன். அவ்வளவுதான், வெள்ளைச் சுவர்.

லூப்போல்ட் நிறுவனம் 1907இல் நில அளவைக் கருவியோடு ஆரம்பித்து, 1947இல் ஸ்கோப்புக்குள் நைட்ரஜன் அடைத்து உள்ளே ஆவி பிடிக்காமல் செய்தது என்று மனைவிக்கு நான் பிரசங்கமே செய்திருந்தேன். உள்ளே பிடிக்கவில்லை. வெளியே என் வாயிலிருந்து போன ஆவிக்கு அமெரிக்காக்காரன் என்ன செய்வான்? சட்டை நுனியால் துடைத்து நிமிர்ந்தபோது பாறை மட்டும் இருந்தது.

பெரியவர் எதுவும் சொல்லவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

திரும்பும் வழியில், புதர் வளைவைத் தாண்டியதும் அறுபது மீட்டரில் ஒன்று நின்றது. ஸ்கோப் இரண்டரையில் இருந்தது. நடக்கும்போது அதிலேயே விட்டு வைக்கப் பழகியிருந்தேன். துப்பாக்கியை உயர்த்தியதும் முழு ஆடும், அதைச் சுற்றிப் புல்லும், பின்னாலிருந்த மண் மேடும் ஒரே பார்வையில் வந்தன. பழைய ஸ்கோப் பெரும்பாலும் பத்தில் நிற்கும். அதில் ரோமத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, முன்பக்கமா பின்பக்கமா என்று தேடியிருப்பேன். பெண், குட்டி கூட இல்லை. ஒரே குண்டு.

இறைச்சி பதினாறு கிலோ. நான்கு மணி நேரம் நடந்தோம்.

மே 1, வியாழன்

பெரியவர் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். நீளவாக்கில் ஸ்கோப்பின் இரண்டு முனையையும் மூடி இழுத்து மாட்டிவிட்டால் மழை படாது. ஒரு சுண்டில் கழன்றுவிடும். ஐம்பது வருடமாக இதைத்தான் பயன்படுத்துகிறாராம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றால், நீ எடையைப் பற்றித்தானே கேட்டாய் என்கிறார்.

தராசில் வைத்தேன். 38 கிராம்.