சீரியலில் நடிக்க விரும்பும் யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு

1999இல் சன் டிவியில் ‘சித்தி’ தொடங்கியபோது ராதிகாவுக்கு இருபது வருடத்துக்கு மேற்பட்ட சினிமா அனுபவம் இருந்தது. அவரின் தாயார் இலங்கைத் தமிழர் என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. சினிமாவில் வந்த நிதானம்தான் தினத்தொடரின் வேகத்துக்கு அவரைத் தாங்கியது என்று நினைக்கிறேன்.

அந்த வேகம் லேசுப்பட்டதல்ல. வசனத் தாள் பெரும்பாலும் செட்டில்தான் கைக்கு வரும். முதலில் முழுக் காட்சியையும் அகலமாக எடுப்பார்கள். பிறகு அதே வசனத்தைக் குளோசப்பில் திரும்பப் பேச வேண்டும். முதல் தடவை தேத்தண்ணிக் கோப்பையை வலக்கையில் பிடித்துவிட்டு, குளோசப்பில் இடக்கைக்கு மாற்றினால் எடிட்டிங்கில் வெட்டு ஒட்டாது. ஒரே காட்சியின் மிச்சத்தைச் சில நாள் கழித்தும் எடுப்பார்கள். ஆகவே பொட்டு, தோடு, பின்னல் எந்தத் தோளில், சேலை மடிப்பு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

அழுகைக்குக் கிளிசரின் என்றால் கீழ் இமைக்குக் கீழே மெல்லிய பூச்சுப் போதும். கண்ணுக்குள் போனால் எரிந்து சிவந்து, அடுத்து வரும் சிரிப்புக் காட்சி கெட்டுவிடும்.

பேச்சுத்தான் எங்களுக்குப் பெரிய தடை. ‘வாறன்’ என்று பழகிய நாக்கு ‘வரேன்’ என்று சொல்லும்போது வசனத்தின் ஓசை தட்டையாகிவிடும். தினமும் அரை மணித்தியாலம் சத்தமாக வாசித்துப் பதிவுசெய்து கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் முகத்துக்கு வேறொருவர் குரல் கொடுப்பார். நடிப்பில் பாதி அங்கேயே போய்விடும்.

சம்பளம் பெரும்பாலும் நாள் கணக்கு. மாதத்தில் எத்தனை நாள் கூப்பிடுவார்கள், சேலை யாருடைய செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலா விசாவில் சென்னை போய் நடிக்கவே கூடாது.