ஐந்து நாள் ஊழியமும் அங்கேயே இருப்பவர்களும்

கடலூர் முதுநகருக்கு அருகிலுள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு எங்கள் சபையின் வாலிபர் குழு முதன்முதலாகப் போன மே மாதத்தில், ஏழு வயதுப் பையன் ஒருவன் எங்களில் எவரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஆண்கள் எல்லாரும் அவனுக்கு ‘டீம் அண்ணா’, பெண்கள் எல்லாரும் ‘டீம் அக்கா’. பெயரைச் சொல்லிக்கொடுத்தால் தலையாட்டிவிட்டு மறுபடியும் அப்படியே கூப்பிட்டான். எங்களுக்கு முந்தின மாதம் வேறொரு குழு வந்து போயிருந்தது, அதற்கு முன் இன்னொன்று.

அந்த முறை விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தினோம், பாட்டும் நாடகமும் கற்றுக்கொடுத்தோம். கடைசி நாளில் பிள்ளைகள் எங்கள் கையை விடாமல் அழுதார்கள். புதுச்சேரிக்குத் திரும்பும் பேருந்தில், அந்த அழுகையை எங்கள் ஊழியத்தின் கனியாக எண்ணி மகிழ்ந்தோம். அப்படி எண்ணியது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன். பெற்றோரைப் பிரிந்த குழந்தைக்கு முதல் தேவை மாறாமல் உடனிருக்கும் ஓரிரு பெரியவர்கள் என்பதை ஜான் பவுல்பி முதலான ஆய்வாளர்கள் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே விளக்கி வந்திருக்கிறார்கள். வந்து இறங்கியவுடன் யார் மடியிலும் ஏறிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து எவ்வளவு பாசம் என்று நாம் நெகிழ்கிறோம். அந்தத் தேவை நிறைவேறாமல் போனதற்கு அதுவே ஓர் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

அப்படியானால் இத்தகைய பயணங்களே வேண்டாம் என்று சொல்பவர்கள் எங்கள் சபையிலும் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பின் கடலூர்க் கடற்கரையிலுள்ள தேவனாம்பட்டினத்துக்கு வந்து போன குழுக்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சலிப்பு வருவது இயல்புதான். ஆனாலும் நான் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்று, 1719இல் அங்கேயே இறந்தார். சுவீடனில் பிறந்த மிஷனரி கீர்நாண்டர் 1740இல் கடலூருக்கு வந்து, 1758இல் பிரெஞ்சுப் படை அந்த ஊரைப் பிடிக்கும்வரை அங்கே ஊழியம் செய்தார். அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஐந்து நாள்கள் எம்மாத்திரம்? ஆனால் அவர்களைப்போல ஓரிடத்திலேயே தங்கிப் பிள்ளைகளைத் தாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த இல்லத்தின் காப்பாளர் அக்கா அப்படிப்பட்டவர். ஐந்து நாள் மட்டுமே கொடுக்க முடிந்தவர்கள் அதை அவருக்குக் கொடுக்கலாமே என்பதுதான் நான் சொல்ல வருவது.

இரண்டாம் ஆண்டு புறப்படுவதற்கு முன்பே அவரைத் தொலைபேசியில் அழைத்து, எங்களால் என்ன ஆகவேண்டும் என்று கேட்டேன். “சமையல்கட்டை மட்டும் நீங்க பாத்துக்குங்க தம்பி, நான் பிள்ளைங்களோட உக்காந்துக்கறேன்” என்றார். சமையல் செய்யும் அம்மா கோடையில் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் மே மாதம் முழுவதும் அவருடைய பகல் அடுப்படியிலேயே கழிவது எங்களுக்கு அதுவரை தெரியாது. நாங்கள் நாடகம் நடத்திய நேரத்திலும் அவர் உள்ளே எங்களுக்கும் சேர்த்துச் சோறு வடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த முறை நாங்கள் காய் நறுக்கினோம், தண்ணீர்த் தொட்டியைக் கழுவினோம், கிழிந்த கொசுவலைகளைத் தைத்தோம். அவர் வேப்பமரத்தடியில் பாய் விரித்து, ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் பேன் பார்த்துத் தலைவாரிவிட்டபடி மதியம் முழுவதும் பேசிக்கொண்டிருந்தார். ‘டீம் அண்ணா’ என்று கூப்பிட்ட அந்தப் பையன் அவர் முதுகில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தான். எங்கள் ஊழியத்தில் நான் கண்ட மிக நல்ல காட்சி அதுதான். அதில் நாங்கள் யாரும் இல்லை.

படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டு பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, இத்தகைய குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி படமோ விவரமோ வெளியிடுவதைத் தடை செய்கிறது என்பதை அறிந்தபின் எல்லாவற்றையும் நீக்கினோம். இத்தகைய இல்லங்கள் பதிவு பெறவேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு. அப்படிப் பதிவு பெறாத இல்லத்துக்கு எந்தக் குழுவும் போகக்கூடாது என்பது என் கருத்து. நல்லெண்ணம் இருக்கிறது என்பதற்காக இதைக் கேட்காமல் விடக்கூடாது.

அங்குள்ள பிள்ளைகளில் பலருக்குத் தாய் இருக்கிறார். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பால் பட்டு விரல்கள் கறுத்துப்போன ஒரு தாயை, பிள்ளைகளைப் பார்க்க வரும் நாளில் சந்தித்தேன். வறுமை ஒன்றையே காரணமாக்கிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்தத் தாயோ பேருந்துக் கட்டணத்துக்கும் ஒரு நாள் கூலி இழப்புக்கும் அஞ்சியே மாதம் தவறி வருவதாகச் சொன்னார். புதுப் பைகளுக்கும் சட்டைகளுக்கும் நாங்கள் செலவிட்டுவந்த காணிக்கைப் பணம் அன்றிலிருந்து அவரைப் போன்ற தாய்மார்களின் பயணத்துக்குப் போகிறது. திக்கற்ற பிள்ளைகளை ‘விசாரிக்கிறது’ என்று யாக்கோபு நிருபத்தில் வரும் சொல்லை நான் இப்போது அந்தத் தாயையும் சேர்த்தே வாசிக்கிறேன்.

வரும் மே மாதமும் புது ஆள்களைச் சேர்க்காமல் அதே ஆறு பேர் போகிறோம். கண் பரிசோதனையில் குறை தெரிந்த நான்கு பிள்ளைகளின் கண்ணாடி அளவுகளைக் காப்பாளர் அக்கா அனுப்பியிருக்கிறார். நாங்கள் போகும்போது கொண்டுபோக வேண்டும். சமையல் செய்யும் அம்மா இந்த ஆண்டும் ஊருக்குப் போகிறாராம்.